ஃபேன் சுற்றுகிறது, போர்டுக்குத் தெரியவில்லை

"சிபியு ஃபேன் எரர். பிரஸ் எஃப்1 டு ரன் செட்டப்." கறுப்புத் திரையில் இந்த இரண்டு வரி வந்து நின்ற அதே நேரத்தில், கேபினெட்டுக்குள் சிபியு ஃபேன், அதாவது பிராசசரைக் குளிர்விக்கும் ஃபேன், நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கக் கதவைக் கழற்றி வைத்திருந்ததால் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. கையை அருகில் கொண்டுபோனால் காற்று வந்தது. ஆனால் எஃப்1 அழுத்தி, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால், சிபியு ஃபேன் வேகம் என்ற இடத்தில் 0 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 0 சுற்று. சில சமயம் 1150 என்று காட்டும், உடனே மறுபடி 0.

நான் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த முதல் கம்ப்யூட்டர் இது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வரும். பழைய லேப்டாப்பில் நாலைந்து பக்கங்களை ஒன்றாகத் திறந்தாலே அது கொதிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ரைசன் 5 5600ஜி பிராசசர், ஒரு பி550 மதர்போர்டு, 32 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, நடுத்தர விலையில் ஒரு கேபினெட் என்று முடிவு செய்தேன். இந்தப் பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் தனியாகக் கார்டு தேவையில்லை. பெட்டிக்குள்ளேயே ஒரு கூலரும் வருகிறது. ஆனாலும் தனியாக ஒரு டவர் கூலர் வாங்கினேன். சென்னையில், ஏசி இல்லாத அறையில், மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வேலை செய்கிறவளுக்கு அது வீண் செலவு இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். பெட்டியோடு வந்த கூலரை எடுத்துப் பத்திரமாக வைத்தேன். பழுதைக் கண்டுபிடிக்கப் பிறகு அதுதான் கை கொடுத்தது.

இந்த எரர் வந்ததும் சித்தி பையனுக்கு ஃபோன் செய்தேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் அவனிடம்தான் கேட்போம். "அக்கா, ஃபேன் சுத்துதுல்ல? அப்போ பயாஸ்ல மானிட்டர் பக்கத்துக்குப் போய் சிபியு ஃபேன் ஸ்பீட்ங்கிற இடத்துல இக்னோர் போட்டுருங்க. மெசேஜ் வராது" என்றான். தேடினால் கிடைக்கிற பதில்களிலும் பாதிக்கு மேல் இதுதான். அவன் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்க் கூலிங் போட்டு, பம்பை வேறு இடத்தில் இணைத்து, சிபியு ஃபேன் பின்களைக் காலியாக விட்டவர்களுக்கு இக்னோர் சரியான வழிதான். ஆனால் அந்த இடத்தில் ஃபேன் இணைத்திருக்கிறோம், அப்படியும் போர்டு 0 என்கிறது என்றால், அந்த எச்சரிக்கையை அணைப்பதற்கு முன்னால் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு ஃபேன் உண்மையாகவே நின்றுபோனால் முதலில் சொல்ல வேண்டியது அந்த வரிதான். அதை நாமே அணைத்துவிட்டால், பிராசசர் 95 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்து, ஆல்பம் பாதியில் தவழ ஆரம்பித்த பிறகுதான் நமக்குத் தெரியும். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிற நேரத்தில் எனக்கு அது வேண்டாம்.

சரி, ஃபேன் சுற்றும்போதே போர்டு எப்படி 0 என்கிறது? இதைப் புரிந்துகொள்ள நான்கு கம்பிகளைத் தெரிந்துகொண்டால் போதும். சிபியு ஃபேனிலிருந்து வரும் கனெக்டரில் நான்கு ஓட்டைகள் இருக்கும். முதல் கம்பி தரை (கிரவுண்ட்). இரண்டாவதில் 12 வோல்ட். இந்த இரண்டும் இருந்தால் ஃபேன் சுற்றிவிடும். மூன்றாவது கம்பி எதிர்த்திசையில் பேசுகிறது. ஃபேனுக்குள் இருக்கும் சென்சார், இறக்கை ஒரு முழுச் சுற்று வந்தால் இரண்டு துடிப்புகளை அந்தக் கம்பி வழியாகப் போர்டுக்கு அனுப்பும். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 40 துடிப்பு. அதை எண்ணித்தான் போர்டு ஆர்பிஎம் காட்டுகிறது. நான்காவது கம்பி போர்டிடமிருந்து ஃபேனுக்குப் போகிற கட்டளை. பிடபிள்யூஎம் என்று சொல்வது இதைத்தான். நொடிக்கு சுமார் 25,000 தடவை மின்சைகையை ஏற்றி இறக்கி, அதில் எவ்வளவு நேரம் ஏற்றத்தில் இருக்கிறது என்பதை வைத்து "இவ்வளவு வேகத்தில் சுற்று" என்று சொல்கிறது. இந்த நான்காவது அறுந்துபோனால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்.

வழக்கமான நிறங்கள் கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம், இதே வரிசையில். ஆனால் இப்போது வரும் நிறைய ஃபேன்களில் அழகுக்காக நாலு கம்பியும் கறுப்பாகவே இருக்கின்றன. எனக்கு வந்ததும் அப்படித்தான். அப்போது இடத்தை வைத்துத்தான் எண்ண வேண்டும். போர்டில் பின்களுக்குப் பின்னால் நிற்கும் பிளாஸ்டிக் நாக்கு முதல் மூன்று பின்களை ஒட்டித்தான் இருக்கும். நாலாவது பின் அந்த நாக்குக்கு வெளியே நிற்கும். மூன்று ஓட்டைக் கனெக்டரையும் அதே இடத்தில் செருக முடிவது இதனால்தான்.

ஆக, என் ஃபேன் விஷயத்தில் முதல் இரண்டு கம்பியும் வேலை செய்கின்றன. மூன்றாவதில்தான் சிக்கல். பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்டக்டர் விசில் மட்டும் டிரைவர் காதுக்குப் போகவில்லை. இது புரிந்ததும் பயம் பாதி குறைந்தது. எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் நுழைந்து, வெப்பநிலை காட்டும் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே ஏறி அங்கேயே நின்றது. பயாஸுக்குள் இருக்கும்போது பிராசசர் முழுதாக ஓய்வெடுக்காது. அதனால் விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட இங்கே சில டிகிரி கூடவே காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எண் ஓர் இடத்தில் நிற்கிறதா, நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. நிற்காமல் ஏறினால் உடனே அணைத்துவிட்டு, கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். அது வேறு வகைப் பழுது.

கழற்றி மாட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, எந்த இடத்தில் செருகியிருக்கிறோம். என் போர்டில் சிபியு ஃபேன், சிபியு ஆப்ட் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடம் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி. ஆப்ட் என்பது இரண்டாவது ஃபேனுக்கு. அங்கே செருகினால் ஃபேன் சுற்றும், எரரும் வரும். டார்ச் அடித்து, போர்டில் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்தேன். சரியான இடம்தான்.

அப்புறம் ஸ்பிளிட்டர். ஒரே இடத்திலிருந்து இரண்டு ஃபேனுக்குப் பிரிக்கும் ஒய் வடிவக் கேபிளில், ஒரு கிளையில்தான் மூன்றாவது கம்பி இருக்கும். மற்றதில் அந்த ஓட்டை வேண்டுமென்றே காலியாக விடப்பட்டிருக்கும். இரண்டு ஃபேனின் துடிப்புகளும் ஒரே கம்பியில் கலந்தால் எண்ணிக்கை குழம்பிவிடும் என்பதால் அப்படி. ஒற்றை ஃபேனை அந்தக் காலிக் கிளையில் மாட்டியிருந்தால் இதே எரர் வரும். என்னிடம் ஸ்பிளிட்டரே இல்லை. இன்னொன்று, பயாஸில் குறைந்தபட்ச வேகம் என்று ஒரு வரம்பு இருக்கும். அது 600 என்று இருந்து, அமைதியான ஃபேன் 500-இல் சுற்றினால், போர்டு அதையும் பழுது என்றே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் வரம்பை 200 அல்லது 300 ஆக இறக்கினால் தீர்ந்தது. எனக்கு வந்தது 0. எந்த வரம்பு வைத்தாலும் 0 தேறாது.

இனி மீதி இருப்பது இரண்டே சாத்தியம். போர்டில் பழுது, அல்லது ஃபேனில் பழுது. இந்த இடத்தில் ஊகிக்கக் கூடாது. போர்டை வாரண்டிக்கு அனுப்புவது என்றால் கூலர், ராம், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கழற்றி, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பேஸ்டைத் துடைத்து, பல நாள் வேலையை நிறுத்த வேண்டும். ஃபேன் என்றால் இரண்டு கம்பி கிளிப்பைக் கழற்றினால் கையில் வந்துவிடும். எது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவது என்று இருந்தேன்.

பத்திரமாக வைத்த பெட்டிக் கூலர் இங்கேதான் வந்தது. செய்தது இதுதான். கம்ப்யூட்டரை அணைத்து, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பின்பக்க ஸ்விட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்தேன். இதைச் சோம்பல் படாமல் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பின் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு டவர் கூலரின் ஃபேன் கனெக்டரைச் சிபியு ஃபேன் இடத்திலிருந்து எடுத்து, கேபினெட் ஃபேனுக்கான சிஸ் ஃபேன் இடத்தில் செருகினேன். ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சுற்றும், பிராசசரைக் குளிர்விக்கும். பேசுகிற இடம் மட்டும் மாறுகிறது. காலியான சிபியு ஃபேன் இடத்தில் பெட்டிக் கூலரின் ஒயரைச் செருகினேன். அந்தக் கூலரின் அடியில் பேஸ்ட் முன்கூட்டியே பூசி வரும். மேஜையில் வைத்தால் ஈஷிக்கொள்ளும், தூசி ஒட்டும். அதனால் அது வந்த பிளாஸ்டிக் அடித்தட்டோடு, இறக்கை மேல்பக்கம் பார்க்க, கேபினெட்டை ஒட்டி ஒரு அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன். ஒயர் குட்டையானது, தள்ளி வைக்க முடியாது.

ஆன் செய்தேன். எரர் வரவில்லை. பயாஸில் சிபியு ஃபேன் வேகம் ஆட்டம் இல்லாமல் நின்றது. சிஸ் ஃபேன் என்ற இடத்தில் 0, திடீரென்று 1140, மறுபடி 0. பழுது ஃபேனோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. போர்டில் குறை இல்லை.

இந்த மாற்றிப் பார்க்கும் முறைக்கு ஈடாக வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். சந்தேகப்படும் பொருளை நல்ல இடத்தில் வைத்துப் பார், சந்தேகப்படும் இடத்தில் நல்ல பொருளை வைத்துப் பார். இரண்டையும் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிவெடுத்தால், ஒயரைக் கழற்றி மாட்டிய அசைவிலேயே பழுது தற்காலிகமாகச் சரியாகியிருக்கலாம். நாம் தப்பான பொருள்மேல் பழி போடுவோம்.

0-க்கும் 1140-க்கும் நடுவே தாவுவதுதான் எனக்கு அடுத்த துப்பு. சென்சாரே செத்திருந்தால் எப்போதும் 0 காட்டியிருக்கும். விட்டு விட்டு வருகிறது என்றால் எங்கோ தொட்டும் தொடாமலும் இருக்கிறது. பயாஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கனெக்டரை ஒற்றை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தேன். அசைக்க அசைக்க எண் வந்து போனது. ஒயரை நடுவில் அசைத்தால் மாற்றமில்லை. ஃபேன் பக்கத்து முனையில் அசைத்தாலும் மாற்றமில்லை. கனெக்டரில்தான் கோளாறு.

அணைத்துக் கழற்றி, கனெக்டரின் முகத்தில் டார்ச் அடித்தேன். நாலு ஓட்டைக்குள்ளும் குட்டியாக உலோக வாய் தெரிய வேண்டும். மூன்று ஒரே மட்டத்தில் தெரிந்தன. மூன்றாவது ஓட்டையில் மட்டும் உலோகம் உள்ளே தள்ளிப் போயிருந்தது. ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்ததும் சந்தேகமே இல்லை. செருகும்போது போர்டின் பின் அந்த உலோகத்தைப் பிடித்துக்கொள்ளாமல் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. நுனி மட்டும் உரசிக்கொண்டிருந்ததால்தான் எண் வந்து வந்து போனது.

புதுப் பொருள். நானே பிரிப்பதற்கு முன்னால் வாங்கிய கடையில் காட்டுவதுதான் முறை என்று ஃபேனை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். கடையில் இருந்த பையன் கனெக்டரை வாங்கி ஒரு டெஸ்டரில் வைத்தான். ஃபேன் ஜோராகச் சுற்றியது. "சுத்துதே மேடம், நல்லாத்தானே இருக்கு." அந்த டெஸ்டர் 12 வோல்ட் கொடுக்கும் இரண்டு முனை மட்டும்தான். மூன்றாவது கம்பியை அது பார்ப்பதே இல்லை. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனிடம் இருக்கிற கருவி அவ்வளவுதான். ஆனால் இப்படி ஒரு பழுதோடு கடைக்குப் போகிறவர்கள் கட்டாயம் பயாஸ் திரையை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். எண் 0-க்கு விழுவதும், அதே இடத்தில் வேறு ஃபேன் சரியாகக் காட்டுவதும் ஒரே வீடியோவில் இருந்தால் பேச்சு சுருங்கிவிடும். நான் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் ஓனர் எழுந்து வந்தார். வாரண்டியில் அனுப்பினால் திரும்பி வரக் காலம் பிடிக்கும் என்றார். கனெக்டர் மட்டும்தான் பிரச்சினை என்றால் சரிசெய்து தரச் சொல்லி, பக்கத்துத் தெருவில் எஸ்எம்பிஎஸ் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரைக் காட்டினார். இதனால் வாரண்டி போகாதே என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டேன்.

மீரான் சாகிப் தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு சால்டரிங் அயர்ன். அதுதான் அவர் கடை. கனெக்டரைக் கையில் வாங்கியதும் அவர் அதன் முகத்தைப் பார்க்கவில்லை, திருப்பிப் பின்பக்கம் ஒவ்வொரு ஒயராகச் சின்னதாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவது ஒயர் அப்படியே கையோடு வந்துவிட்டது. "இதோ பாருங்கம்மா, முள்ளு எழும்பவே இல்ல" என்று காட்டினார்.

ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் மடித்து அழுத்திய ஒரு தகரத் துண்டு இருக்கிறது. அதன் முதுகில் முள் போல ஒரு சின்ன நாக்கு மேலே தூக்கி நிற்க வேண்டும். கனெக்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஜன்னல் போன்ற ஓட்டையில் அந்த முள் போய் மாட்டிக்கொண்டால் ஒயர் பின்னால் வராது. என் ஃபேனில் மூன்றாவது ஒயரின் முள் தட்டையாகவே இருந்தது. தயாரித்த இடத்தில் அது சரியாக எழும்பவில்லை. அவர் ஒரு ஊசி நுனியால் அந்த முள்ளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காத அளவுக்கு நெம்பி, முள் ஜன்னல் பக்கம் பார்க்கும்படி பிடித்து, ஓட்டைக்குள் தள்ளினார். டிக் என்று சத்தம் கேட்டது. மறுபடி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "ஒரு தடவைதான் நெம்பணும். முன்னும் பின்னும் ஆட்டினா ஒடிஞ்சிடும். அப்புறம் புதுசா டெர்மினல் அடிக்கணும்" என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை மாட்டி ஆன் செய்ததிலிருந்து எரர் வந்ததே இல்லை. எண் ஒரே சீராக நிற்கிறது. இப்போது எந்தக் கனெக்டரைச் செருகுவதற்கு முன்னாலும் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒயரை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்க்கிறேன். போர்டுக்குப் போகும் பெரிய 24 பின் கேபிளிலும் இதே மாதிரி டெர்மினல்கள்தான். அங்கே ஒன்று பின்னால் போனால் இவ்வளவு சுலபமாகத் தெரியாது.

ஃபேன் பேச ஆரம்பித்த பிறகு வேறொரு தொல்லை. முன்பு போர்டுக்கு வேகமே தெரியாததால் நானும் அதைக் கவனிக்கவில்லை. இப்போது பிரவுசர் திறந்தால் ஃபேன் ஊம் என்று ஏறும், நாலு நொடியில் இறங்கும், ஒரு படத்தைத் திறந்தால் மறுபடி ஏறும். மகள் அதே அறையில்தான் தூங்குவாள். சீரான சத்தம் அவளை எழுப்புவதில்லை. ஏறி இறங்குகிற சத்தம் எழுப்பிவிடும்.

இது பழுது இல்லை. ரைசன் பிராசசர் ஒரு சின்ன வேலை வந்தாலும் ஒரு நொடிக்கு வேகத்தைத் தூக்கி அடித்து முடித்துவிடப் பார்க்கும். அந்த ஒரு நொடியில் வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் எகிறி உடனே விழும். கூலரின் உலோகம் அதற்குள் சூடாவதே இல்லை, ஆனால் ஃபேன் அந்த எண்ணைப் பார்த்து ஓடுகிறது. பயாஸில் ஃபேன் கர்வ் என்ற வரைபடத்தைத் திறந்து, 65 டிகிரி வரை 40 சதவீதம் என்று நேர்கோடாக வைத்தேன். அதற்கு மேல் 75-இல் 65 சதவீதம், 85-இல் முழு வேகம். கூடவே ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் என்று இருக்கும் தாமத நேரங்களைக் கூட்டினேன். வெப்பம் சில நொடி தொடர்ந்து இருந்தால்தான் ஃபேன் அசையும். ஆல்பத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் ஒரே சீராக ஏறி, முடிந்ததும் இறங்குகிறது. மகள் தூங்குகிறாள்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுப் பரிசோதனைகளில் அறையின் வெப்பம் பெரும்பாலும் 21, 25 டிகிரி என்றுதான் இருக்கும். நம் அறை மே மாதத்தில் 35. காற்றால் குளிர்விக்கிற எந்தக் கூலரும் பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அது தருவது அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பது மட்டுமே. அவர்கள் 62 என்று காட்டினால் நமக்கு 72, 75 வருவது இயல்பு. கூலர் மோசம் என்று இதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அறைக்குள் ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிட்டு, பிராசசர் எண்ணிலிருந்து அறை எண்ணைக் கழித்துக் குறித்து வையுங்கள். அந்த வித்தியாசம் அதே வேலைக்கு மாதக்கணக்கில் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். அது மட்டும் ஏறினால் தூசியோ பேஸ்ட்டோ கவனம் கேட்கிறது என்று பொருள்.

கேபினெட்டோடு வந்த கலர் விளக்கு ஃபேன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த கேபினெட்டுகளில் இவை பெரும்பாலும் மோலெக்ஸ் என்ற பெரிய பிளக்கில் நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டும்படி வரும். அவற்றுக்கு மூன்றாவது கம்பியும் இல்லை, நான்காவதும் இல்லை. எப்போதும் முழு வேகம், பயாஸில் எங்கேயும் தெரியாது. பழுது என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சத்தம் தாங்கவில்லை என்றால் பின்பக்கத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் நாலு பின் ஃபேனாக மாற்றிப் போர்டில் இணைத்தாலே பெரிய வித்தியாசம். நான் அதைத்தான் செய்தேன். போர்டின் ஒரு ஃபேன் இடம் பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். ஸ்பிளிட்டர் போட்டு நாலைந்தை அதில் தொங்கவிடுவதற்கு முன் ஒவ்வொரு ஃபேனின் முதுகிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆம்பியரைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதிலும் நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. இறக்கையைத் தாங்கும் பிளாஸ்டிக் கால்கள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே, நடுவில் டவர் கூலரின் ஃபேன் பின்பக்கம் பார்த்துத் தள்ள வேண்டும். மாட்டி முடித்ததும் ஒரு ஊதுபத்தியைக் கேபினெட்டுக்கு வெளியே, முன் ஜாலியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். பின்னால் பிடித்தால் தள்ளப்பட வேண்டும். ஒரு நொடி பார்த்தால் போதும். சாம்பல் உள்ளே போய்விடக் கூடாது.

தூசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கக் கதவைத் திறக்கிறேன். எங்கள் தெருவில் மெட்ரோ வேலை நடக்கிறது, சீக்கிரமே படிகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு பிளோயர் அடிக்க வேண்டும். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் தன் வேகத்தைத் தாண்டிச் சுற்றி பேரிங் கெடும். முன்பக்க வலையைத் தண்ணீரில் கழுவலாம். ஆனால் நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் வருகிற தூசி சேறாக அப்பிக்கொண்டு காற்றை அடைத்துவிடும், பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் லேசில் வராது.